அணையாடைக் கணக்கு

மணமாகாத மாணவர்களே மிகுந்த ஒரு வளாகத்தின் தமிழ் இதழில், குழந்தையின் ஈரத்துணியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் நகைக்கக்கூடும். வெப்பவியலையும் வேதியியலையும் தேர்வுத்தாளில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று எந்தப் பேராசிரியரும் விதித்ததில்லை என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். பெங்களூரில் நம் வளாகத்தைச் சுற்றி வாடகை வீடுகளில் வாழும் ஆராய்ச்சி மாணவர் குடும்பங்களில், குழந்தை பிறந்த மறுவாரமே ஒரு வழக்கு எழுகிறது: துணியா, டயபரா? ஊரிலிருந்து வந்திறங்கிய பாட்டி துணியின் பக்கம் நிற்பார். இரவு மூன்று மணிக்கு எழுந்து நனைந்த துணியை மாற்றும் தாய் டயபரின் பக்கம் நிற்பாள். சுற்றுச்சூழலைப் பற்றி அண்மையில் ஏதோ படித்த தந்தை, பாட்டியின் பக்கம் சேர்ந்துகொள்வார். துவைப்பது தாம் இல்லையாதலால் அது அவருக்கு எளிது.

இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவோர் பலர். கணக்குப் போட்டுப் பார்த்தோர் சிலர். அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். பெருக்கலும் வகுத்தலும் தவிர வேறு கடினமான கணிதம் இதில் இல்லை.

முதலில் பெயர். குழந்தைக்கு அடியில் இடும் துணிக்கு 'அணையாடை' என்றொரு பழஞ்சொல் அகராதியில் உண்டு. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'துணி' என்ற ஒரு சொல்லிலேயே எல்லாம் அடங்கிவிடும். இக்கட்டுரையில் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்துவதை அணையாடை என்றும், ஒருமுறை பயன்படுத்தி எறிவதை டயபர் என்றும் குறிப்போம்.

டயபரின் வரலாறு நீண்டதன்று. அமெரிக்காவில் மேரியன் டோனவன் என்னும் பெண்மணி, துணிக்கு மேல் அணிவிக்கும் நீர்புகா உறை ஒன்றை ஆக்கி 1951இல் காப்புரிமை பெற்றார். பத்தாண்டு கழித்து, 1961இல், பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் பாம்பர்ஸ் டயபரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்நாளைய டயபரில் நீரை உறிஞ்சியது மரக்கூழ்ப் பஞ்சு. ஆதலால் அது தடித்துப் பருத்திருந்தது. 1980களில் சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் பொடி அதனுள் புகுந்த பிறகே டயபர் மெலிந்தது. இப்பொடி தன் எடையைப்போல் பலநூறு மடங்கு தூயநீரைக் குடித்துக் கூழாகிவிடும். ஆனால் உப்பு கலந்த நீரில் அதன் தாகம் பெரிதும் குறைந்துவிடுகிறது. குழந்தையின் சிறுநீரும் உப்புநீரே. ஐயமுள்ளவர்கள் ஒரு டயபரைப் பிரித்துப் பொடியை உதிர்த்து, ஒரு குவளையில் காய்ச்சி வடித்த நீரும் மற்றொன்றில் உப்புநீரும் ஊற்றிப் பார்க்கலாம். சவ்வூடு பரவலை விளக்க இதைவிட மலிவான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

பிறர் போட்ட கணக்கு

எது சுற்றுச்சூழலுக்குக் கேடு குறைந்தது என்ற ஆராய்ச்சி அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டு வாக்கில் சூடுபிடித்தது. டயபர் விற்கும் நிறுவனத்தின் சார்பில் செய்யப்பட்ட ஆய்வு, துணியே மிகுந்த நீரையும் ஆற்றலையும் விழுங்குகிறது என்றது. வீடு வீடாகத் துணியைப் பெற்று வெளுத்துத் தரும் சலவைத் தொழிலாரின் சங்கம் பணம் கொடுத்துச் செய்வித்த ஆய்வோ, டயபரே கேடு மிகுந்தது என்றது. இரு தரப்பாரும் பொய் சொன்னார்கள் என்று கருதவேண்டியதில்லை. எத்தனை டிகிரி வெந்நீர், எந்திரத்தில் எத்தனை துணி, எத்தனை குழந்தைக்கு அதே துணி என்ற எடுகோள்களை யார் தீர்மானிக்கிறார்களோ அவர்களே விடையையும் தீர்மானித்துவிடுகிறார்கள்.

பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டு, 2008இல் அதைப் புதுப்பித்தது. ஒரு குழந்தையின் முதல் இரண்டரை ஆண்டுக்கு, டயபரால் 550 கிலோ கரியமிலவாயுவுக்கு ஈடான வெப்பக்கேடு; சராசரி முறையில் துவைத்த துணியால் 570 கிலோ. ஏறக்குறையச் சமம். இதைக் கேட்டுத் துணிக் கட்சியார் சோர்ந்துபோயினர். ஆனால் அதே அறிக்கையின் உள்ளே செல்வோர்க்கு வேறொன்று தென்படும். துணிகளை நிறையச் சேர்த்துத் துவைத்து, வெளியே கொடியில் உலர்த்தி, அவற்றையே இரண்டாம் குழந்தைக்கும் பயன்படுத்தினால் சுமார் 200 கிலோ குறைகிறது. எல்லாத் துணியையும் மின்சார உலர்த்தியில் போட்டால் சுமார் 250 கிலோ கூடுகிறது. டயபருக்கு ஒரே எண். துணிக்கோ துவைப்பவரின் பழக்கத்துக்கேற்ப ஓர் எண். 2023இல் பிரிட்டிஷ் அரசின் சுற்றுச்சூழல் துறை வெளியிட்ட புதிய ஆய்வில் டயபர் 457 கிலோ, துணி 345 கிலோ என்று வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்நாட்டு மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு பெரிதும் குறைந்ததையும் இங்கு மனத்தில் கொள்ளவேண்டும்.

இந்த எண்களை அப்படியே எடுத்துக் கப்பலேற்றி நம்மூருக்குக் கொண்டுவர இயலாது. நம் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமிலவாயு. மறுபுறம், நம் வீடுகளில் உலர்த்தும் எந்திரம் அரிது. வெயில் உண்டு, மொட்டைமாடி உண்டு. நம் கணக்கை நாமே போட்டாக வேண்டும்.

ஐந்நூறு மீட்டரும் ஒரு டிகிரியும்

நாளொன்றுக்கு எட்டுத் துணி எனக் கொள்வோம். (பிறந்த குழந்தைக்குப் பன்னிரண்டும் ஆகும், இரண்டு வயதில் நான்கிலும் அடங்கும்.) ஊறவைத்து, சோப்பிட்டு, இரண்டு மூன்று முறை அலசுவதற்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் நீர். இரண்டரை ஆண்டு என்பதைக் கணக்கின் எளிமைக்காக 900 நாள் என்று கொண்டால், மொத்தம் 36,000 லிட்டர். பெருந் தண்ணீர் லாரிகளில் மூன்று லாரி.

பெங்களூரில் 'மூன்று லாரி' என்ற சொல்லை எளிதாகச் சொல்லிவிட முடியாது. 2024 மார்ச்சில் இந்நகரின் ஆழ்துளைக் கிணறுகளில் ஏறக்குறையப் பாதி வற்றின. குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் தண்டம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. விடுதிகளிலும் குடியிருப்புகளிலும் குடத்தோடு நின்றவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். அந்நாளில் குழந்தையுள்ள வீட்டார் பலர் துணியைக் கைவிட்டு டயபர் வாங்கினார்கள் என்றால் அவர்களைக் குறைகூற யாருக்கு நாவெழும்?

மேலும், நம் குழாயில் வரும் காவிரி தானாக வருவதில்லை. தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு, மூன்று கட்டமாக, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு இந்த மேட்டுநிலத்துக்கு வருகிறது. ஆகவே பெங்களூரில் துணி துவைப்பது ஆற்றலை வீணாக்கும் செயல் என்று நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. கணக்குப் போட்டால் வேறாகத் தெரிகிறது.

ஒரு லிட்டர் நீரை 500 மீட்டர் உயர்த்தச் செய்யவேண்டிய வேலை: எடை 1 கிலோ, புவியீர்ப்பு முடுக்கம் 9.8, உயரம் 500. மூன்றையும் பெருக்கினால் 4,900 ஜூல். அதே ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடேற்றத் தேவைப்படுவது 4,180 ஜூல். அதாவது, காவிரியை மலைமேல் ஏற்றும் உழைப்பு முழுவதும், அந்த நீரின் வெப்பத்தை ஒன்றேகால் டிகிரிகூட உயர்த்தாது. வேலையும் வெப்பமும் ஒரே நாணயத்தின் இரு முகங்கள் என்று 1840களில் ஜூல் நிறுவினார் என்று படிக்கிறோம். அந்த நாணயமாற்றில் வெப்பம் எவ்வளவு விலையேறிய சரக்கு என்பதைக் குளியலறையில் நின்று யாரும் நினைப்பதில்லை.

எண்களாக வைப்போம். 36,000 லிட்டரை ஏற்ற, இறைக்கும் எந்திரங்களின் இழப்பையும் சேர்த்து, சுமார் 70 யூனிட். கரியமிலவாயு 50 கிலோ. நாள்தோறும் வெறும் 10 லிட்டரை மட்டும் கீசரில் 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாக்கினால், 900 நாளில் 418 யூனிட். கரியமிலவாயு 290 கிலோவுக்கு மேல். நாற்பது லிட்டரை மலையேற்றுவதைவிடப் பத்து லிட்டரைச் சூடாக்குவது ஆறுமடங்கு செலவு.

உலர்த்துவதற்கும் இதே முறையில் காண்போம். பிழிந்த எட்டுத் துணியில் எஞ்சிய நீர் ஒரு கிலோ எனில், அதை ஆவியாக்க 2,400 கிலோஜூலுக்குச் சற்று மேல் தேவை. எந்திரம் எவ்வளவு திறமாக வேலை செய்தாலும், மின்சூட்டால் உலர்த்தினால் 900 நாளுக்கு 600 யூனிட்டுக்குக் குறையாது; கரியமிலவாயு 420 கிலோ. கொடியில் போட்டால் சூரியன் இதை இனாமாகச் செய்கிறது. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் கிருமிகளில் பலவற்றையும் தீர்த்துக்கட்டுகிறது. தண்ணீரிலே துவைத்து வெயிலிலே உலர்த்தும் வீட்டின் கணக்கு, சோப்பும் துணியும் நீங்கலாக, 50 கிலோ. வெந்நீர் சேர்த்தால் 340. உலர்த்தியும் சேர்த்தால் 760, டயபரைத் தாண்டிவிடுகிறது. பிரிட்டிஷ் ஆய்வின் எல்லைகளும் என் கணக்கின் எல்லைகளும் வேறாகையால் இவற்றைப் பக்கத்தில் பக்கமாக வைத்துக் கிலோவுக்குக் கிலோ ஒப்பிடக்கூடாது. ஆயினும் எந்தப் பக்கம் தராசு சாய்கிறது என்பது விளங்கும்.

வெயில் எங்கே என்பது அடுத்த கேள்வி. ஜூன் முதல் நவம்பர் வரை பெங்களூரில் பல நாள் வானம் மூடிக்கிடக்கிறது. பால்கனியில் துணி தொங்கினால் கட்டடத்தின் அழகு கெடும் என்று தடைபோடும் அடுக்குமாடிச் சங்கங்களும் உள்ளன. அத்தகைய வீட்டில், படுக்கையறைக்குள் மின்விசிறிக்கடியில் ஆறு கொடி கட்டி, இஸ்திரிப் பெட்டியால் ஈரத்தை விரட்டுவதை என் தமக்கை வீட்டில் கண்டிருக்கிறேன். அழகைக் காப்பாற்றும் தீர்மானத்தை நிறைவேற்றியவர்கள் அதற்கான மின்கட்டணத்தில் பங்கு கொள்வதில்லை.

கடின நீரும் அமோனியாவும்

துவைக்காமல் வாளியில் மூடிவைத்த துணியைத் திறக்கும்போது கண்ணைக் கரிக்கும் வாடை எதனால்? சிறுநீரிலுள்ள யூரியாவை, யூரியேஸ் நொதியைச் சுரக்கும் பாக்டீரியாக்கள் அமோனியாவாகச் சிதைக்கின்றன. அமோனியா காரம். காரத்தன்மை ஏறினால், மலத்திலுள்ள புரதத்தையும் கொழுப்பையும் கரைக்கும் நொதிகள் விழிப்படைந்து, குழந்தையின் மெல்லிய தோலை அரிக்கத் தொடங்குகின்றன. தடிப்பு வருவதற்கு இது முக்கியமான ஒரு வழி. அது துணியிலும் வரும், டயபரிலும் வரும். மாற்றாமல் விட்ட நேரமே குற்றவாளி. டயபர் ஈரத்தை மறைத்துவிடுவதால் மாற்றவேண்டிய நேரத்தையும் மறக்கச்செய்கிறது என்பது பாட்டிமார் சொல்லும் குறை. அதில் உண்மை உண்டு.

ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர்க்கு இன்னொரு தொல்லை. அந்நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. கால்சியம் வந்தவுடன் நீரில் கரையாத கால்சியம் உப்பாகத் திரிந்து, வெள்ளைத் திப்பியாய் நூலிழைகளில் படிந்துவிடும். நாளாக ஆகத் துணி விறைக்கும். நீரை உறிஞ்ச மறுக்கும். எத்தனை முறை அலசினாலும் இத்திப்பி போகாது. நீர் வீணாவதே மிச்சம். இத்தகைய வீடுகளில் சோப்புக் கட்டியைவிடச் சலவைத்தூள் ஏற்றது. அது கடின நீரில் இவ்வாறு திரிவதில்லை. துணியை மென்மையாக்கும் நறுமணத் திரவங்களைக் குழந்தைத் துணிக்கு ஊற்றவே கூடாது. அவை இழைமீது மெழுகுபோல் படிந்து உறிஞ்சும் ஆற்றலைக் கெடுக்கும்.

துணியையும் சும்மா விட்டுவிடலாகாது. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு இந்தியாவில் சராசரியாக 22,500 லிட்டர் நீர் செலவாகிறது என்று நீர்த்தடம் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். உலகச் சராசரி 10,000. நம் பருத்தியில் பெரும்பகுதி மானாவாரியாதலால் இதில் மழைநீரும் அடக்கம். இருபத்துநான்கு புதுத்துணி, இரண்டு கிலோ எடை, வாங்கினால் 45,000 லிட்டர். இரண்டரை ஆண்டு துவைக்கும் நீரைவிட இது மிகுதி! எட்டு முழ வேட்டி ஒன்றைக் கிழித்தால் பன்னிரண்டு துணி தேறும். அதற்குப் புது நீர் ஒரு சொட்டும் வேண்டா. பலமுறை வெளுத்து நைந்த வேட்டியின் மென்மை எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைப்பதில்லை. இப்போது 'துணி டயபர்' என்று சில நூறு ரூபாய்க்கு ஒன்றாக விற்கப்படுபவற்றின் வெளிப்புறம் பெரும்பாலும் பாலியூரிதேன் பூசிய பாலியெஸ்டர். துவைக்கும்தோறும் பாலியெஸ்டர் இழை உதிரும். அவற்றை இரண்டு மூன்று குழந்தைக்குக் கைமாற்றினாலொழியச் சிக்கனம் என்று சொல்ல மனம் வரவில்லை.

மணிக்கு ஐம்பத்தைந்து ரூபாய்

வீட்டுச் செலவுக்கு வருவோம். டயபர் ஒன்று 10 ரூபாய், நாளுக்கு ஐந்து எனக் கொண்டால் 900 நாளுக்கு 45,000 ரூபாய். ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகையில் இது சிறு தொகையன்று. துணிக்கு வேட்டி இனாம். தண்ணீரை, 2024இல் மாவட்ட நிர்வாகம் விதித்த உச்சவிலைப்படி, 12,000 லிட்டர் லாரி 1,000 ரூபாய் என்று வாங்கினால் 3,000. சலவைத்தூள் மாதம் 150 ரூபாய் வீதம் 4,500. ஆக 7,500 ரூபாய். மிச்சம் 37,500.

இந்த இடத்தில் கணக்கை முடித்துவிட்டுப் பாட்டியின் கட்சிக்கு வெற்றி என்று எழுதுவோர் பலர். ஒரு வரி விட்டுப்போயிற்று. ஊறவைத்து, கசக்கி, அலசி, பிழிந்து, உலர்த்தி, மழை வந்தால் ஓடி எடுத்து, மடித்துவைக்க நாளொன்றுக்கு முக்கால் மணி ஆகிறது என்று வையுங்கள். 900 நாளுக்கு 675 மணி. 37,500ஐ 675ஆல் வகுத்தால் மணிக்கு 55 ரூபாய். துணியால் வரும் இலாபம் என்று நாம் பெருமையோடு சொல்வது, பெரும்பாலும், ஒரு பெண்ணுக்கு மணிக்கு 55 ரூபாய் கூலி கொடுக்காமல் மீத்த பணமே. அவள் பிள்ளை பெற்ற சில வாரங்களே ஆன உடம்போடு குனிந்து துவைத்தாள் என்பதற்குத் தனிக் கூலி போடவில்லை.

2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். அதிலும் ஈடுபடும் பெண்கள் நூற்றுக்கு 81, ஆண்கள் 26. அந்த 26இல் எத்தனை பேர் அணையாடை துவைத்தார்கள் என்று ஆய்வு சொல்லவில்லை. நம் நண்பர் குழாத்தைப் பார்த்து நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

'அந்தக் காலத்தில் டயபர் இல்லாமலா பிள்ளை வளர்த்தார்கள்?' என்று கேட்பவர்கள், அந்தக் காலத்தில் துவைத்தவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பிள்ளை பெற்ற வீட்டின் தீட்டுத்துணி மூட்டையை நம் ஊர்கள் பலவற்றில் வண்ணார் குடிப் பெண்ணே எடுத்துச்சென்று துறையில் வெளுத்தாள். கூலி, களத்துமேட்டில் அளந்துபோடும் சில படி தானியமும் அன்றாடம் எடுக்கும் சோறும். அவளுடைய குழந்தையின் துணிக்கு நேரம் எப்போது கிடைத்தது என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

எறிந்தபின்

டயபரால் அந்த உழைப்பு மறைந்துவிட்டதா? நனைந்த டயபர் ஒன்று 200 கிராம் எனில், நாளுக்கு ஒரு கிலோ; ஒரு குழந்தைக்கு 900 கிலோ. ஏறக்குறைய ஒரு டன். மரக்கூழ் மட்கும், பாலிபுரொப்பிலீன் மேலுறையும் பாலிஎதிலீன் அடியுறையும் நம் பேரன்மார் காலத்திலும் கிடக்கும். இவற்றைச் சுமந்துசெல்ல ஓரிடம் வேண்டும். பெங்களூரின் குப்பையை ஆண்டுக்கணக்கில் ஏற்ற மண்டூர் கிராமத்தார் 2014இல் போராடி, அவ்வாண்டு இறுதியோடு லாரிகளை நிறுத்தினார்கள். குப்பை நிற்கவில்லை; வேறு ஊருக்குப் போயிற்று.

அதற்குமுன், காலையில் தள்ளுவண்டியோடு வரும் பௌரகார்மிகரின் கை அதைத் தொடுகிறது. தெலுங்கும் தமிழும் கன்னடமும் பேசும் அவர்களில் பெண்கள் மிகுதி. காய்கறித் தோலோடு டயபரைக் கலந்து ஒரே பையில் முடிந்து கொடுத்தால், அதைப் பிரித்தெடுப்பது அவர்கள் விரல்கள்தாம். மலக்கிருமிகளும் அவர்களோடு வீட்டுக்குப் போகும். 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள், டயபரோடு அதைச் சுற்றியெறிய உறையும் தரவேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கும், சுற்றித் தனியே தரவேண்டும் என்று வீட்டாருக்கும் கூறின. நம் தெருவில் எத்தனை வீடு அப்படிச் செய்கிறது என்பதை ஒருநாள் காலை ஆறரை மணிக்கு வாயிலில் நின்று பார்த்தால் தெரியும்.

நான் கேட்டறிந்த வீடுகளில் பெரும்பாலோர் இரண்டையும் கலந்தே நடத்துகிறார்கள்: பகலில் வேட்டித்துணி, இரவுக்கும் பயணத்துக்கும் ஒரு டயபர். அறிவியல் முறையிலும் இது பொருத்தமாகவே படுகிறது. நாளுக்கு ஒன்று என்றால் 900 டயபர், 9,000 ரூபாய், 180 கிலோ குப்பை. தாய்க்கு உறக்கமும் கிடைக்கிறது. பகல் துணிக்குத் தண்ணீரே போதும். வயிற்றுப்போக்கு கண்ட நாளில் மட்டும் வெந்நீர். கடைசியாக அலசிய நீரை மறுநாள் முதல் ஊறலுக்கு வைத்தால் நாளுக்குப் பத்து லிட்டர் மிச்சமாகும். மாலையில் ஆய்வகத்திலிருந்து திரும்பும் தந்தை, கைகால் கழுவியதும் அந்த வாளியைத் தம்முடையதாக்கிக்கொள்ளலாம். எட்டுத் துணி அலச முனைவர் பட்டம் தடையன்று. டயபரை எறியுமுன் மலத்தைக் கழிப்பறையில் உதறிவிட்டு, பழைய செய்தித்தாளில் இறுகச் சுற்றி, எடுப்பவர் பிரித்துப் பார்க்காமலே அறியும்படி அதன்மேல் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு, மற்றக் குப்பையோடு சேர்க்காமல் தனியே கையில் கொடுக்க வேண்டும்.